சூடேறும் வயர்: கார்களின் கூடுதல் விளக்குகளில் பழுதறிதல்

தொழிற்சாலை பொருத்தி அனுப்பும் முகப்பு விளக்குகளுக்கு அப்பால், வண்டி வாங்கியவர் தம் தேவைக்காகவோ ஆசைக்காகவோ பின்னால் சேர்த்துக்கொள்ளும் பனிமூட்ட விளக்கு, தூர விளக்கு, எல்இடி பட்டை ஆகிய அனைத்தையும் கூடுதல் விளக்குகள் என்ற ஒரே பெயரில் அடக்கலாம். ஆட்டோ எலெக்ட்ரீஷியன் கடைகளில் இவை ‘எக்ஸ்ட்ரா லைட்’ என்று வழங்குகின்றன. இவற்றில் நேரும் கோளாறுகளுள் விளக்கு எரியாமல் போவது எளியது. எரியாத விளக்கு தன் குறையைத் தானே காட்டிவிடுகிறது. விளக்கு எரிந்துகொண்டே இருக்க, அதற்கு மின்சாரம் கொண்டுசெல்லும் வயரோ இணைப்போ சூடேறி, உறை இளகி, கருகல் வாடை கிளம்புவதே ஆராயத்தக்க கோளாறு. வெளிச்சத்தில் பெரிய மாற்றம் எதையும் காட்டாமல் அது மாதக்கணக்கில் நீடிக்கக்கூடியது. அன்றியும், வண்டி ஓட்டுவோர் தம் பாதுகாப்புக்கு நம்பியிருக்கும் ஃபியூஸ், அதாவது மின்னோட்டம் அளவு மீறும்போது தான் உருகிச் சுற்றைத் துண்டித்துவிடும் உலோகத் துண்டு, இந்தக் கோளாற்றின் பெரும்பகுதியைக் கண்டுகொள்வதே இல்லை. அது ஏன் என்பது விளங்கிவிட்டால், பழுதை எங்கே தேடுவது என்பதும் பெருமளவு விளங்கிவிடும்.

இதை விளக்கச் சென்னையின் கோடம்பாக்கத்திலிருந்து தொடங்கலாம்; விளக்கையும் கேபிளையும் பிழைப்பாகக் கொண்ட ஊர் அது. ஆற்காடு சாலையில் ‘பவர் ஹவுஸ்’ என்றே ஒரு பேருந்து நிறுத்தம் இருக்க, அதையடுத்த வடபழனியிலும் சாலிகிராமத்திலும் வாகினி, ஏவிஎம், பிரசாத் என்று ஸ்டூடியோக்கள் அடுத்தடுத்து எழுந்ததால், ஜெனரேட்டர் வண்டியும் லைட்மேன்களும் இப்பகுதித் தெருக்களுக்குப் பழகிய காட்சிகள் ஆயின. 2,000 வாட் படப்பிடிப்பு விளக்கு ஒன்றுக்கு லைட்மேன் கொண்டுவரும் ரப்பர் கேபிளின் பருமனை அறிந்தவர்களுக்கு ஒரு கணக்கு வியப்பளிக்கக்கூடும். அந்த விளக்கு 230 வோல்ட் மின்னழுத்தத்தில் எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் ஏறத்தாழ 8.7 ஆம்பியர்தான்; காரின் முன்புறத்தில் மாட்டப்படும் 55 வாட் ஹாலஜன் விளக்குகள் இரண்டும் சேர்ந்து 12 வோல்ட்டில் எடுத்துக்கொள்வதோ 9.2 ஆம்பியர். 100 வாட் பல்புகளாக மாற்றினால் அது 16.7 ஆம்பியராக உயர்ந்து, 4,000 வாட் படப்பிடிப்பு விளக்கின் அளவை நெருங்கிவிடுகிறது. வாட் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கிவரும் தொகை. மின்னழுத்தம் சிறுத்தால், அதே வாட்டுக்கு மின்னோட்டம் பெருத்தாக வேண்டும். ஸ்டூடியோவில் விரல் பருமன் கேபிளில் போகும் மின்னோட்டத்தைக் காரில் அழைப்பு மணிக்குப் போடும் வயரில் அனுப்பிவிட்டு, ‘வெறும் 12 வோல்ட்தானே’ என்று ஆறுதல் கொள்வதில் கோளாறு தொடங்குகிறது. 12 வோல்ட் தொட்டவருக்கு ஷாக் அடிக்காது என்பது உண்மையே. ஆனால் வயரைச் சுட வைப்பது வோல்ட் அன்று, ஆம்பியர்.

மின்னோட்டம் ஒரு கடத்தியில் எவ்வளவு வெப்பத்தை உண்டாக்கும் என்பதை ஜேம்ஸ் ஜூல் 1841இல் வெளியிட்ட ஆய்வு நிறுவியது. வெப்பம் மின்தடைக்கு நேர்விகிதத்திலும், மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் அமையும் என்பது அவ்விதி. மின்தடை என்பது கடத்தி தன் வழியே மின்னோட்டம் செல்வதற்குக் காட்டும் எதிர்ப்பு. வர்க்கம் என்ற சொல்லில்தான் அபாயம் இருக்கிறது. மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். 0.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள தாமிர வயர் மீட்டருக்குச் சுமார் 0.037 ஓம் மின்தடை கொண்டது, அதில் 9.2 ஆம்பியர் ஓடினால் ஒவ்வொரு மீட்டரிலும் 3 வாட் வெப்பம் பிறக்கும், 16.7 ஆம்பியர் ஓடினால் அது 10 வாட்டைத் தாண்டிவிடும். அதே 16.7 ஆம்பியரைக் கடைக்காரர்கள் ‘இரண்டரை ஸ்கொயர்’ என்று சொல்லும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் அனுப்பினால், மீட்டருக்கு 2 வாட்டுக்குச் சற்று மேல் மட்டுமே வெப்பம் உண்டாகி, அதுவும் காற்றில் கலைந்துவிடும். பழைய 55 வாட் பல்பைக் கழற்றிவிட்டு, வயரைத் தொடாமல் 100 வாட் பல்பை மாட்டுபவர், வெளிச்சத்தை இரு மடங்காக்கியதாக எண்ணிக்கொண்டு வயரின் வெப்பத்தை மூன்று மடங்குக்கு மேல் ஏற்றிவிடுகிறார். மெல்லிய வயரில் நான்கு மீட்டர் தூரத்துக்குள் ஏறக்குறைய இரண்டரை வோல்ட் தொலைந்துபோவதால், அந்த இரு மடங்கு வெளிச்சமும் அவருக்குக் கிடைப்பதில்லை. ஹாலஜன் பல்புக்கு வரும் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

வயரின் பருமனை வெளித்தோற்றத்தால் அளப்பது நம்பத்தகாதது. தடித்த உறைக்குள் மெல்லிய தாமிரத்தை வைத்து விற்பது சந்தைக்குப் புதிதன்று. நுனியை உரித்து இழைகளை எண்ணுவது நல்ல வழி: இந்தியாவில் கிடைக்கும் நெகிழ் வயர்களில் 1 சதுர மில்லிமீட்டருக்கு 0.3 மில்லிமீட்டர் இழைகள் 14, ஒன்றரைக்கு 22, இரண்டரைக்கு 36 என்ற கணக்கு பொதுவாகப் பின்பற்றப்படுகிறது. இழையின் நிறத்தை மட்டும் பார்த்தும் அமைதியடைய இயலாது. விலை குறைந்த வயரிங் கிட்டுகள் பலவற்றில் இருப்பது அலுமினியத்தின் மீது தாமிரம் பூசிய இழை. கத்தி முனையால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். தாமிர வயரைவிட அதன் மின்தடை ஒன்றரை மடங்குக்கும் மேல். அலுமினியம் அழுத்தத்தில் மெல்ல மெல்ல இளகும் இயல்புடையது என்பதால், நன்றாக இறுக்கிய லக்கும் அதில் சில மாதங்களில் தளர்ந்துவிடும். லக் என்பது வயரின் நுனியில் நசுக்கிப் பிடிக்கும் உலோகக் கொண்டி.

வயரின் உறை பற்றி இரண்டு சொற்கள். வீட்டு வயர்களின் பிவிசி உறை பொதுவாக 70 டிகிரி செல்சியஸ் வரை தாங்குமாறு செய்யப்படுகிறது. வாகனங்களுக்கான பிவிசி 85 அல்லது 105 டிகிரி வரையும், குறுக்குப் பிணைப்புற்ற பாலிஎத்திலீன் உறை 125 டிகிரி வரையும் தாங்கும். வயர் தாங்கும் ஆம்பியர் என்று அட்டவணைகளில் காட்டப்படுவது, சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தைப் பொறுத்தது. கோடம்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே உள்ள நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. அத்தகைய வெயிலில் போக்குவரத்து நெரிசலில் நிற்கும் காரின் பானெட்டுக்குள், ரேடியேட்டரை ஒட்டிய காற்று 80 டிகிரியை எட்டுவது அரிதன்று. அங்கே 105 டிகிரி வயருக்கு மிஞ்சுவது 25 டிகிரி இடைவெளியே. 70 டிகிரி வீட்டு வயருக்கோ விளக்கைப் போடுவதற்கு முன்பே எல்லை கடந்துவிட்டிருக்கும். மிஞ்சிய வயரை வெட்டாமல் வட்டமாகச் சுருட்டி, பிளாஸ்டிக் டை போட்டு, பேட்டரிக்குப் பின்னால் செருகிவைக்கும் பழக்கமும் வெப்பம் வெளியேறும் வழியை அடைத்துவிடுகிறது. அதிக வாட் விளக்குக்குப் போகும் கேபிளைச் சுருளோடு விட்டுவைக்காமல் முழுதும் விரித்துப் போடவேண்டும் என்பது மின்தொழிலின் பொது விதி. படப்பிடிப்புத் தளத்தில் கடைப்பிடிக்கப்படும் அந்த ஒழுங்கு காரின் பானெட்டுக்குள் மறந்துபோகிறது.

இனி ஃபியூஸ். இன்று கார்களில் இருக்கும் தட்டை வடிவ ஃபியூஸ் 1970களில் அமெரிக்காவில் உருவானது. 10 ஆம்பியருக்குச் சிவப்பு, 15க்கு நீலம், 20க்கு மஞ்சள், 30க்குப் பச்சை என்று அதன் நிறங்களே அளவைச் சொல்லிவிடும். 10 ஆம்பியர் ஃபியூஸ் அந்த அளவைத் தொட்டவுடன் உருகும் என்று பலர் கருதுவது பிழை. பத்து விழுக்காடு மிகுதியை அது மணிக்கணக்கில் தாங்கியாக வேண்டும் என்பதே தரவிதி; 35 விழுக்காடு மிகுதியிலும் பல நிமிடங்கள் தாக்குப்பிடிக்கக்கூடும். குளிர்ந்த பல்பின் இழை, எரியும்போது உள்ளதைவிடப் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான மின்தடை உடையது. விளக்கைப் போடும் கணத்தில் அது இழுக்கும் பெருமின்னோட்டத்தைப் பொறுத்துக்கொள்வதற்காக ஃபியூஸ் இவ்வாறு நிதானமாக இயங்குமாறு வகுக்கப்பட்டுள்ளது. எனவே ஃபியூஸின் அளவு, விளக்கு எடுக்கும் மின்னோட்டத்துக்குச் சற்று மேலாகவும், வயர் தாங்கும் அளவுக்குக் கீழாகவும் இருக்கவேண்டும். அது காப்பது பல்பை அன்று, வயரை. ‘அடிக்கடி பீஸ் போகிறது’ என்று 15 ஆம்பியர் இருந்த இடத்தில் 30 ஆம்பியரைச் செருகுபவர் முறையீட்டைத் தீர்த்துவிடுகிறார். அந்த நிமிடம் முதல் சுற்றிலேயே மிக எளிதில் உருகும் பொருள் வயராகிவிடுகிறது. ஃபியூஸுக்குப் பதில் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிவைக்கும் பழைய சாமர்த்தியம் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. ஃபியூஸ் இருக்கும் இடமும் முக்கியமானது: பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஃபியூஸ் வரைக்குமான வயருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை என்பதால், அது ஒரு சாணுக்கு மேல் இருத்தல் ஆகாது. டேஷ்போர்டுக்கு அடியில் கைக்கு வசதியாக ஃபியூஸை வைத்துவிட்டு, ஒன்றரை மீட்டர் வயரை இரும்புத் தகட்டின் துளை வழியே காப்பில்லாமல் இழுத்துவரும் வேலைப்பாடு, ஃபியூஸே இல்லாததற்கு ஒப்பானது. துளையின் விளிம்பு உறையை அறுத்துவிட்டால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அந்த இடத்தில் கொட்டிவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் வயர் சுடுவதுண்டு. பழுதறிபவரை ஏமாற்றுவது இந்த வகையே. வயரும் ஃபியூஸும் போதுமான அளவில் இருக்க, நடுவில் ஒரு இணைப்பு மட்டும் தளர்ந்து 0.1 ஓம் மின்தடை பெற்றுவிட்டதாகக் கொள்ளலாம். 9 ஆம்பியர் ஓடும் சுற்றில் அந்த இடத்தில் 8 வாட் வெப்பம் உண்டாகும். சாதாரணச் சால்டரிங் அயர்ன் 25 வாட் உடையது என்றால், அதில் மூன்றில் ஒரு பங்கு, மிளகளவு உலோகத்தில், பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைபட்டு வேலை செய்கிறது. விளக்கு சற்றே மங்குவதைக் கண் கவனிப்பதில்லை. ஃபியூஸின் நிலையோ இன்னும் விபரீதமானது: சுற்றின் மொத்த மின்தடை கூடியதால் மின்னோட்டம் குறைகிறது, ஆகவே ஃபியூஸ் முன்னைவிட நிம்மதியாக இருக்கிறது. இணைப்பு கருகக் கருக ஃபியூஸுக்குச் சுமை இறங்குகிறது. அளவு மீறிய மின்னோட்டத்தைத் தடுக்க வைத்த காவலாளிக்கு, அளவுக்குட்பட்ட மின்னோட்டம் ஒரு மோசமான இடத்தைக் கடப்பது தெரிய வழியில்லை.

இத்தகைய இணைப்பு தானாகவே மேலும் கெடும் இயல்புடையது. கப்ளர் என்று கடைகளில் வழங்கும் செருகு இணைப்பின் உள்ளே, பித்தளை நாக்கு வில்போல் அழுத்திப் பிடிப்பதால்தான் தொடர்பு நிலைக்கிறது. வெப்பம் ஏறினால் அந்த வில்விசை தளர்கிறது, தளர்ந்த இடத்தில் காற்றுப் புகுந்து ஆக்சைடு படிகிறது, ஆக்சைடு மின்தடையைக் கூட்டுகிறது, கூடிய மின்தடை மேலும் வெப்பத்தைத் தருகிறது. சாலையின் அதிர்வு இதற்கு உடந்தை. மெட்ரோ ரயில் பணிகளால் பல ஆண்டுகளாகக் குண்டும் குழியுமாகிவிட்ட ஆற்காடு சாலையில் நாள்தோறும் போய்வரும் வண்டியின் இணைப்புகள், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உரசலில் தம் வெள்ளீயப் பூச்சை இழந்துகொண்டே இருக்கின்றன. சென்னையின் உப்புக் காற்று எஞ்சியதைக் கவனித்துக்கொள்கிறது. தாமிரத்தில் படியும் பச்சைக் களிம்பு, உரித்த நுனியோடு நின்றுவிடாமல் உறைக்குள் இழைகளின் ஊடாக ஏறிச்செல்லும். மழைக்காலத்தில் துரைசாமி சுரங்கப்பாதையில் தேங்கும் நீரில் ஒருமுறை இறங்கி ஏறிய வண்டியிலும், 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நனைந்த வண்டிகளிலும், பம்பர் உயரத்தில் இருக்கும் கூடுதல் விளக்குகளின் இணைப்புகள்தாம் முதலில் நீரில் மூழ்கின. சேதம் அன்றே தெரிவதில்லை. ஓராண்டு கழித்து டேப்பைப் பிரித்தால் பச்சைப்பொடி உதிரும். அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் நிற்கும் வண்டிகளுக்கு எலித்தொல்லை வேறு. எலி கடித்த வயரில் இழைகள் பாதி அறுந்து பாதி மிஞ்சியிருந்தால், மிஞ்சிய இழைகள் முழுச் சுமையையும் ஏற்றுச் சுடத் தொடங்கும்.

மனிதக் கை செய்யும் இணைப்புக் குறைகளே எண்ணிக்கையில் மிகுதி. வயரைப் பல்லால் உரிக்கும்போது சில இழைகள் உறையோடு போய்விடுகின்றன. மிச்சத்தை முறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றினால் வேலை முடிந்தது. பானெட்டின் வெப்பத்தில் டேப்பின் பசை இளகி, சுற்று மெல்ல வழுகிப் பிரியும். லக்கை அதற்குரிய கருவியால் கிரிம்ப் செய்யாமல் கட்டிங் பிளேயரால் நசுக்கினால், வெளியே இறுக்கமாகத் தோன்றும் கொண்டிக்குள் இழைகள் தளர்வாகவே கிடக்கும். இதற்கு மாற்றாகச் சால்டர் வைப்பதா என்பதில் தொழிலறிந்தவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஈயம் உருகி இழைகளின் ஊடே ஏறி நின்ற இடத்தில் வயர் விறைத்துப்போகிறது, அதிர்வில் அந்த விளிம்பில்தான் முறிகிறது என்பது ஒரு தரப்பு. முறையாகச் சால்டர் செய்து, இருபுறமும் அசையாமல் கட்டி, சுருங்கு ஸ்லீவ் போட்டால் அது நெடுநாள் உழைக்கும் என்பது மறுதரப்பு. வாகனத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் கிரிம்ப் முறையையே கைக்கொள்வதைப் பார்க்க, முதல் தரப்புக்கே வலு அதிகம். ஆனால் நல்ல கிரிம்ப் கருவி இல்லாத கடையில், நல்ல சால்டர் மோசமான கிரிம்பை வென்றுவிடும் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பழுதறிதலின் முதற்கேள்வி ‘எவ்வளவு சுடுகிறது’ என்பதன்று, ‘எங்கே சுடுகிறது’ என்பது. விளக்குகளைப் பத்து நிமிடம் எரியவிட்டு, அணைத்துவிட்டுத் தடவிப் பார்க்கையில் வயர் முழுநீளத்துக்கும் ஒரே சீராகச் சுட்டால், மின்னோட்டத்துக்கு வயர் மெலிது. பல்பின் வாட்டைக் குறைக்கவேண்டும் அல்லது வயரை மாற்றவேண்டும். இரு முனைகளில் ஒன்று மட்டும் சுட்டு, அங்கிருந்து தள்ளிப்போகப் போக வெப்பம் தணிந்தால், குற்றம் அந்த முனையின் இணைப்பில் இருக்கிறது. வயர் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டதேயன்றி உண்டாக்கவில்லை. ஃபியூஸ் ஹோல்டர் இளகியிருந்தால் ஃபியூஸைக் காட்டிலும் அதைப் பிடித்திருக்கும் கிளிப்பை ஐயுறவேண்டும். டேஷ்போர்டு சுவிட்ச் சுட்டால், விளக்கின் முழு மின்னோட்டமும், சிறு மின்னோட்டத்தால் பெருமின்னோட்டத்தை இயக்கும் ரிலே இல்லாமல், அதன் வழியே ஓடுகிறது என்று பொருள். கைக்கு மாற்றாக அகச்சிவப்பு வெப்பமானியைப் பயன்படுத்துவோர், பளபளக்கும் உலோகத்தின் மீது அது உண்மையைவிடக் குறைவாகவே காட்டும் என்பதை அறிந்திருத்தல் வேண்டும். லக்கின் மீது ஒரு துண்டுக் கறுப்பு டேப் ஒட்டி, அதன் மேல் அளந்தால் சரியாக வரும். பெருந்தொற்றுக் காலத்தில் வாசல்தோறும் நெற்றிக்கு நேரே நீட்டப்பட்ட வெப்பமானி இதற்கு உதவாது. அது மனித உடல் வெப்பத்தின் குறுகிய எல்லைக்குள் மட்டுமே அளப்பது.

அடுத்தது மின்னழுத்த இழப்பை அளத்தல். சில நூறு ரூபாய் விலையுள்ள மல்டிமீட்டரே போதும் என்றபோதிலும், பல கடைகளில் நடைபெறாதது இந்தச் சோதனையே. விளக்குகளை எரியவிட்டு, மீட்டரை 20 வோல்ட் டிசி நிலையில் வைத்து, ஒரு முள்ளைப் பேட்டரியின் பிளஸ் முனையிலும் மறுமுள்ளை விளக்கின் பிளஸ் முனையிலும் வைத்தால், இடையில் வழியிலேயே தொலைந்த வோல்ட் எவ்வளவு என்பதை மீட்டர் நேரடியாகக் காட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் குறை உண்டு. பிறகு ஃபியூஸுக்கு முன்னும் பின்னும், ரிலேயின் இரு கால்களிலும், கப்ளரின் இருபுறமும் என்று பாதையைப் பாதி பாதியாகப் பிரித்து அளந்துகொண்டே போனால், இழப்பு முழுவதும் குவிந்திருக்கும் ஒரே இடம் பிடிபடும். பிளஸ் பக்கத்தில் குறையே இல்லையென்றால் மைனஸ் பக்கத்தை, அதாவது எர்த்தை, அதேபோல் சோதிக்கவேண்டும். விளக்கின் எர்த் முனைக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் வந்தால், பெயின்ட்டின் மீதே போல்ட்டை முடுக்கியிருப்பது காரணமாக இருக்கலாம். எர்த் வயர் சுடும்போது பிளஸ் வயரை மாற்றிக்கொண்டிருப்பது அடிக்கடி நிகழும் வீண்செலவு. சுற்றில் போகும் அதே மின்னோட்டம்தான் எர்த் வழியே திரும்புகிறது என்பதால், அதற்கும் அதே பருமன் வேண்டும்.

இதற்கு மாறாக, விளக்கை அணைத்துவிட்டு ஓம் நிலையில் வைத்தோ, ‘பீப்’ ஒலிக்கும் தொடர்ச்சிச் சோதனையாலோ வயரைப் பரிசோதிப்பது தவறான நிம்மதியையே தரும். 36 இழைகளில் 35 அறுந்து ஒன்று மிஞ்சியிருந்தாலும் மீட்டர் பீப் ஒலிக்கும். அந்த ஒற்றை இழையில் மில்லிஆம்பியர் அளவில் ஓட்டிப் பார்த்துவிட்டு ‘லைன் இருக்கிறது’ என்று தீர்ப்புச் சொல்வது, ஆள் நடந்துபோகிறார் என்பதற்காகப் பாலம் லாரியைத் தாங்கும் என்று சான்றளிப்பதற்குச் சமம். சுமை ஏற்றி அளப்பதே அளவு.

எல்இடி விளக்குகள் இந்தக் கணக்கில் ஒரு திருப்பத்தைக் கொண்டுவருகின்றன. பெட்டியில் அச்சிட்ட வாட்டுக்கும் உண்மையில் எடுக்கும் வாட்டுக்கும் பல நேரங்களில் தொடர்பிருப்பதில்லை. டிசி கிளாம்ப் மீட்டரை வயரின் மேல் கவ்வ வைத்துப் பார்த்தால்தான் உண்மை ஆம்பியர் தெரியும். ஒரே வெளிச்சத்துக்கு ஹாலஜனைவிட எல்இடி குறைந்த மின்னோட்டம் எடுப்பதால் வயருக்கு நன்மையே. ஆயினும் ஹாலஜன் பல்புக்கு வரும் வோல்ட் குறைந்தால் அது எடுக்கும் ஆம்பியரும் குறையும். வாட்டை மாறாமல் காக்கும் டிரைவர் சுற்றுள்ள எல்இடியோ, வோல்ட் குறையக் குறைய ஆம்பியரைக் கூட்டிக்கொள்ளும். ஆகவே கெட்ட இணைப்பு ஒன்று எல்இடி சுற்றில் இருந்தால், இழப்பு மின்னோட்டத்தைக் கூட்டி, கூடிய மின்னோட்டம் இழப்பைக் கூட்டும். வெளிச்சம் மங்காமலே இருப்பதால், ஹாலஜன் தந்த அந்தச் சிறு எச்சரிக்கையும் இங்கே இல்லாமல் போகிறது.

சீர்செய்தலில் ரிலேயின் இடம் முதன்மையானது. சிறு மின்னோட்டத்தால் இயங்கும் காந்தச்சுருள் ஒன்று பெருமின்னோட்டத்துக்கான தொடுமுனையை இழுத்து மூடும் கருவி ரிலே. அதன் கால்களில் பொறிக்கப்பட்ட எண்கள் ஜெர்மானியத் தரத்திலிருந்து வந்தவை: 30 பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியே வரும் பிளஸ், 87 விளக்குக்குப் போவது, 85, 86 இரண்டும் சுருளின் முனைகள். சுருள் எடுப்பது ஏறத்தாழ 0.15 முதல் 0.2 ஆம்பியர் மட்டுமே என்பதால், டேஷ்போர்டு சுவிட்சுக்கு மெல்லிய வயர் போதும்; தடித்த வயர் பேட்டரி, ரிலே, விளக்கு என்ற குறுகிய பாதையில் மட்டும் ஓடினால் போதும். வயரின் நிறத்தை நம்பி ரிலே கட்டுவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பிரிட்டிஷ் முறையில் வந்த அம்பாசடரில் பழுப்பு வயர் பேட்டரியின் நேரடி பிளஸ். ஜெர்மானிய முறையைப் பின்பற்றும் ஃபோக்ஸ்வாகனில் அதே பழுப்பு எர்த். அம்பாசடரில் தொழில் பழகிய கை, ஃபோக்ஸ்வாகனில் நிறத்தைப் பார்த்து இணைத்தால் விளைவு உடனடியானது.

அண்மைக்கால வண்டிகளில் விளக்குகளை ஒரு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி மேற்பார்க்கிறது. அது ஒவ்வொரு விளக்கும் எடுக்கும் மின்னோட்டத்தைக் கணித்துக்கொண்டிருப்பதால், முகப்பு விளக்கு வயரை நடுவில் உரித்துக் கூடுதல் விளக்கை ஒட்டவைத்தால் பெட்டி அதைக் கோளாறு எனக் கருதி விளக்கையே அணைத்துவிடலாம். பேட்டரியின் மைனஸ் முனையில் மின்னோட்டத்தை அளக்கும் உணரி பொருத்தப்பட்ட வண்டிகளில் எர்த்தை அம்முனையிலேயே நேராகக் கட்டினால், அந்த மின்னோட்டம் உணரியின் கணக்கில் வராது. பாடியில் அதற்கென உள்ள எர்த் போல்ட்டில் கட்டுவதே முறை. ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளிலோ புதுப்பேட்டையிலோ வாங்கிவந்த கிட்டைப் பொருத்துமுன் வண்டியின் ஆண்டையும் வகையையும் கேட்டுக்கொள்ளும் எலெக்ட்ரீஷியனைத் தேடிப்போவது, கிட்டின் விலையைப் பேரம் பேசுவதைவிடப் பயனுள்ளது. சட்டமும் ஒரு எல்லை வகுத்திருக்கிறது: மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, விதி 111 வண்டியின் முன்புறத்தில் ஸ்பாட்லைட், தேடொளி விளக்கு ஆகியவற்றைப் பொருத்துவதைப் பதிவு அதிகாரியின் ஒப்புதல் பெற்ற விதிவிலக்கான சூழல்களிலன்றித் தடுக்கிறது.

கருகிய வயரைச் சீர்செய்வதில் கடைசியாக ஒரு நுட்பம். பிவிசி கருகும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிப்படுகிறது. மூக்கைக் குத்தும் அந்த வாடை அதனுடையதே. ஈரத்தோடு சேர்ந்தால் அது அமிலமாகி, பக்கத்தில் உள்ள நல்ல தாமிரத்தையும் அரிக்கத் தொடங்கும். ஆகவே கருகிய கப்ளரை மட்டும் வெட்டிவிட்டு அதே வயரில் புதிய கப்ளரை மாட்டுவது சில மாதங்களுக்குத்தான் உதவும். வெட்டிய நுனியை உரித்துப் பார்க்கையில் இழைகள் கறுத்திருந்தால், தாமிரத்தின் இயல்பான செந்நிறம் தெரியும் வரை பின்னோக்கி வெட்டிக்கொண்டே போகவேண்டும். ஒரு முழம் வெட்டியும் கறுப்பு மாறாவிட்டால் அந்த வயர் முழுவதையும் எடுத்துவிடவேண்டும். புதிய வயர் போட்டு, ரிலேயைக் கீழ்நோக்கிய கால்களோடு நீர் தேங்காத உயரத்தில் பொருத்தி, எர்த் போல்ட்டின் அடியில் பெயின்ட்டைச் சுரண்டி முடித்தபின், எஞ்சினை ஓடவிட்டு, முகப்பு விளக்கு, கூடுதல் விளக்கு, ஏசி மூன்றையும் போட்டு, அரை மணி நேரம் நிற்கவைத்து, இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப்பார்ப்பது வழக்கம். விரலை மூன்று எண்ணும் வரை எடுக்காமல் வைத்திருக்க முடிந்தால் அந்த இணைப்பு ஏறத்தாழ 60 டிகிரிக்குள் இருக்கிறது. முடியாமல் விரல் தானே விலகிக்கொண்ட இடத்தில், பில் போடுவதற்கு முன் மல்டிமீட்டரை மறுபடி எடுக்கவேண்டும்.